பின் இருக்கையும் ஓர் அமானிதமே



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய பெரியோர்களே! அன்புச் சகோதரர்களே! இல்லங்களில் இருந்தவாறு இவ்வுரையைப் படிக்கும் தாய்மார்களே!

இந்த ஜும்ஆவில் நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள் உங்களில் சிலருக்கு வியப்பைத் தரலாம். காரில் பயணம் செய்வோர் அணிய வேண்டிய சீட் பெல்ட் பற்றியே இன்று பேசப்போகிறோம். 'தொழுகையையும் ஜகாத்தையும் பேச வேண்டிய மிம்பரில் போக்குவரத்துக் காவலர் பேச வேண்டியதைப் பேசலாமா?' என்று சிலர் கேட்கக்கூடும். இஸ்லாமியச் சட்டங்கள் அனைத்தும் ஐந்து பொருள்களைப் பாதுகாக்கவே வந்தன என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது அல்முஸ்தஸ்ஃபா என்னும் நூலில் விளக்குகிறார்கள். மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, செல்வம் என்பன அவை. மார்க்கத்தை அடுத்து உயிர் வைக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். உயிரைக் காப்பது ஷரீஅத்தின் நோக்கமென்றால், அதைக் காக்கும் வழியைப் பேசுவதும் மிம்பரின் கடமையே ஆகும்.

நம் ஊர்ச் சாலை

கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். சிப்காட், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று செல்லும் இந்த வழி நம்மில் பலருக்கு மனப்பாடம். பரங்கிப்பேட்டையில் நிக்காஹ், லால்பேட்டையில் பட்டமளிப்பு விழா, நெல்லிக்குப்பத்தில் நோயாளியை நலம் விசாரிப்பது, சென்னை விமான நிலையத்தில் வெளிநாட்டிலிருந்து வரும் மகனை வரவேற்பது என்று ஏதேனும் ஒரு காரணத்திற்காக நம் குடும்பங்கள் இந்தச் சாலையில் போய்வந்தவண்ணம் இருக்கின்றன.

முன்பெல்லாம் இச்சாலை ஊர்களுக்கு நடுவே வளைந்து நெளிந்து சென்றது. வண்டியும் மெதுவாகவே சென்றது. இன்று விழுப்புரம் - நாகப்பட்டினம் நான்குவழிச் சாலை வந்துவிட்டது. சாலை அகன்றது, வேகம் கூடியது. ஆனால் நம் பழக்கம் மட்டும் பழைய சாலையிலேயே நின்றுவிட்டது.

2024 செப்டம்பரில் சிதம்பரத்தை அடுத்த பி.முட்லூர் பகுதியில் காரும் லாரியும் மோதிக்கொண்டதில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேர், ஒரு சிறு குழந்தை உட்பட, உயிரிழந்தார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவ்விபத்தில் யார் மீது தவறு என்று பேசுவதற்காக இதை நினைவூட்டவில்லை. மறைந்தோரைக் குறை பேசுவதை மார்க்கம் விரும்பவில்லை. விசாரிப்பது அதற்குரியவர்களின் பணி. அவர்களுக்காக நாம் துஆச் செய்கிறோம். நாம் நாள்தோறும் செல்லும் சாலையில் இப்படியும் நடக்கும் என்ற உணர்வு நமக்கு வர வேண்டும் என்பதே நோக்கம்.

சட்டம் சொல்வது என்ன?

ஓட்டுநர் மட்டும் பெல்ட் அணிந்தால் போதும் என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணியிருக்கிறோம். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 138ஆவது விதி, ஓட்டுநரும், முன் இருக்கையில் இருப்பவரும், முன்னோக்கி அமைந்த பின் இருக்கைகளில் இருப்பவர்களும் வண்டி ஓடும்போது பெல்ட் அணிந்திருக்க வேண்டும் என்கிறது. எனவே பின் இருக்கைக்கு விலக்கு இல்லை.

நெடுங்காலம் இதற்கான அபராதம் 100 ரூபாயாகவே இருந்தது. 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டு, 194பி என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. பெல்ட் அணியாமல் வண்டி ஓட்டினாலும், பெல்ட் அணியாத பயணிகளை ஏற்றிச் சென்றாலும் 1,000 ரூபாய் அபராதம். 14 வயது நிரம்பாத குழந்தையைப் பெல்ட்டோ, குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையோ இன்றி அழைத்துச் சென்றாலும் 1,000 ரூபாய். உயர்த்தப்பட்ட இந்த அபராதங்களைத் தமிழக அரசு 2022 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் ஏற்றினால், கூடுதலாக ஏற்றிய ஒவ்வொருவருக்கும் 200 ரூபாய் என்று 194ஏ பிரிவு கூறுகிறது. அவர்களை இறக்கிவிட்டு, வேறு வண்டிக்கு ஏற்பாடு செய்த பின்னரே அந்த வண்டி நகர முடியும்.

ஓட்டுநர் உரிமம் பெறும்போது சாலை விதிகளுக்குக் கட்டுப்படுவதாக ஒப்புக்கொண்டே பெறுகிறோம். செய்துகொண்ட ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே ஈமான் கொண்டவர்களுக்குக் கட்டளையிடுகிறது. மார்க்கத்துக்கு முரணில்லாத, மக்கள் நலனுக்கான ஒரு சட்டத்தை மீறுவதில் வீரமும் இல்லை, நன்மையும் இல்லை.

அபராதம் யார் தலையில் விழுகிறது?

அன்புச் சகோதரர்களே! இந்தச் சட்டத்தில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பின்னால் இருப்பவர் பெல்ட் போட மறுத்தாலும், அவரை ஏற்றிச் சென்ற குற்றத்துக்காகச் சட்டம் ஓட்டுநரையே பிடிக்கிறது.

திருமணத்துக்கு வாடகை வண்டி பிடிக்கிறோம். ஓட்டுநர் பணிவோடு, 'பாய், பின்னாடியும் பெல்ட் போட்டுக்குங்க' என்கிறார். 'பக்கத்து ஊருக்குத்தானே தம்பி, நீங்க வண்டியை எடுங்க' என்று சொல்லிவிடுகிறோம். வழியில் காவலர் நிறுத்துகிறார். 1,000 ரூபாய்க்கான ரசீது ஓட்டுநர் கையில் திணிக்கப்படுகிறது. அது அவருடைய அன்றைய உழைப்பையே விழுங்கிவிடும் தொகை. நாமோ ஒன்றும் அறியாதவர்கள் போல் மண்டபத்துக்குள் சென்று பிரியாணி உண்கிறோம்.

இது அடியார்களின் ஹக்கு. நம் பிடிவாதத்தால் இன்னொருவருக்கு ஏற்பட்ட இழப்பை நாமே ஈடுசெய்தாக வேண்டும். தமக்கும் கேடு விளைவிக்கக் கூடாது, பிறருக்கும் கேடு விளைவிக்கக் கூடாது என்ற கருத்தில் வந்துள்ள நபிமொழி ஃபிக்ஹுச் சட்டங்கள் பலவற்றுக்கு அடிப்படையாகும். அபராதப் பணம் மட்டுமா கேடு? அதைவிடப் பெரிய கேடு ஒன்று இருக்கிறது.

கார் எதன் மீதேனும் மோதி நிற்கும்போது வண்டிதான் நிற்கிறது. உள்ளே இருக்கும் உடல் நிற்பதில்லை. வண்டி வந்த அதே வேகத்தில் அது முன்னோக்கிப் பாய்கிறது. பெல்ட் அணியாமல் பின்னால் இருப்பவர் முன் இருக்கையின் மீது மோதி, பெல்ட் அணிந்து ஒழுங்காக அமர்ந்திருப்பவரையும் நசுக்கிவிடக்கூடும். பின்னால் வாப்பா, முன்னால் மகன். மகன் பெல்ட் அணிந்திருக்கிறான், வாப்பா அணியவில்லை. மகனுக்கு ஆபத்து எதிரே வரும் லாரியிலிருந்து மட்டும் வருவதில்லை; தன் முதுகுக்குப் பின்னாலிருந்தும் வருகிறது. ஆகவே, 'என் உயிர். என் விருப்பம்' என்று பின் இருக்கையில் இருப்பவர் சொல்ல முடியாது.

சுற்றுச்சுவர் இல்லாத மாடி

சுற்றுச்சுவர் இல்லாத மொட்டை மாடியில் இரவு உறங்குகிறவரை விட்டுப் பாதுகாப்பின் பொறுப்பு நீங்கிவிடுகிறது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பது அபூதாவூத் நூலில் பதிவாகியுள்ளது. உறங்குகிறவர் விழுந்தே ஆக வேண்டும் என்பதில்லை. பல இரவுகள் விழாமலும் உறங்கலாம். ஆயினும், விழுவதற்குரிய இடத்தில் தடுப்பின்றிப் படுப்பதே தவறு என்று அண்ணலார் (ஸல்) கற்றுத் தந்தார்கள்.

இதைக் காரோடு பொருத்திப் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி சுவரில் மோதினால், உள்ளே இருப்பவர் மோதும் வேகம் ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து, தரையில் விழும் வேகத்துக்குச் சமம். 80 கிலோமீட்டர் வேகமென்றால் அது 25 மீட்டர். ஏறத்தாழ எட்டு மாடி. நான்குவழிச் சாலையில் 80 என்பது நமக்குச் சாதாரண வேகம். பெல்ட் அணியாமல் பின் இருக்கையில் கண்ணயர்ந்து செல்பவர் எட்டாவது மாடியின் விளிம்பில், சுவரில்லாத இடத்தில் உறங்குகிறார் என்பதை உணர வேண்டும். அந்தச் சுவர்தான் சீட் பெல்ட்.

அந்தச் சுவரைக் கட்டியவர் யார்? நில்ஸ் போலின் என்ற சுவீடன் நாட்டுப் பொறியாளர். இடுப்பையும் மார்பையும் சேர்த்துப் பிடிக்கும் இன்றைய மூன்றுமுனைப் பெல்ட்டை அவர் வால்வோ நிறுவனத்தில் பணியாற்றியபோது உருவாக்கினார். 1959இல் அது கார்களில் பொருத்தப்பட்டது. அந்நிறுவனம் அதன் காப்புரிமையைப் பூட்டி வைக்காமல், மற்ற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ளத் திறந்துவிட்டது. உயிர் காக்கும் அறிவை உலகுக்குப் பொதுவாக்கினார்கள். அது நம் கைக்கு எட்டும் இடத்தில், நம் தோளருகே தொங்கிக்கொண்டிருக்கிறது. நாமோ அதைத் துவாலை மாட்டுவதற்குப் பயன்படுத்துகிறோம்!

'மவ்த் வந்தால் பெல்ட்டா தடுக்கும்?'

சகோதரர்களே! இந்தக் கேள்வியை நம் வீடுகளில் அடிக்கடி கேட்கிறோம். ஈமானின் தோற்றத்தில் வரும் கேள்வி இது. ஆனால் அதற்கு விடை நபிவழியிலேயே இருக்கிறது.

உஹதுப் போர்க்களத்தில் நபி (ஸல்) அவர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு போர்க்கவசங்கள் அணிந்திருந்தார்கள் என்று அபூதாவூதில் காண்கிறோம். அவர்களைவிட அல்லாஹ்வின் மீது தவக்குல் வைத்தவர் யார்? அவர்களே இரண்டு கவசம் அணிந்தார்கள் என்றால், ஒரு வாரைக்கூட அணிய மாட்டேன் என்கிற நம்முடைய தவக்குலுக்கு என்ன பெயர்?

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் சிரியா நோக்கிச் சென்றபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி ஸர்ஃக் என்னுமிடத்தில் கிடைத்தது. திரும்பிச் செல்ல முடிவெடுத்தார்கள். 'அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுவதா?' என்ற கருத்தில் அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். ஒரு விதியிலிருந்து அதே இறைவனின் மற்றொரு விதியின் பக்கம் செல்வதாக உமர் (ரலி) அவர்கள் விளக்கினார்கள். விபத்து விதியென்றால், அதிலிருந்து காக்கும் காரணத்தை அல்லாஹ் படைத்திருப்பதும் விதிதான். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபிமொழியை அறியாதவர் நம்மில் யாரும் இல்லை. கட்டுவது நம் வேலை. காப்பது அவன் வேலை.

இரவில் வீட்டுக் கதவைத் தாழிடாமல் உறங்குவோமா? காய்ச்சல் வந்தால் மாத்திரை வேண்டாம் என்போமா? அங்கெல்லாம் நினைவுக்கு வராத விதி, பெல்ட்டை இழுக்கும்போது மட்டும் நினைவுக்கு வருவது சோம்பலே அன்றித் தவக்குல் அல்ல.

எண்களும் ஒரு சான்றும்

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். அவர்களில் சீட் பெல்ட் அணியாதோர் 16,715 பேர். இவர்களில் ஓட்டுநர்கள் 8,384, பயணிகள் 8,331. ஏறத்தாழச் சரிபாதி! அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் வகித்தது நம் தமிழ்நாடு, 64,105 விபத்துகள்.

அதே 2022இல் செப்டம்பர் 4ஆம் நாள், டாட்டா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி, மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் கார் பாலத்தடுப்பில் மோதி உயிரிழந்தார். விலையுயர்ந்த வெளிநாட்டுக் கார் அது. முன்னால் இருந்த இருவர் படுகாயங்களோடு உயிர் பிழைத்தனர்; பின்னால் இருந்த இருவர் இறந்தனர். பின்னால் இருந்தவர்கள் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று காவல்துறை தெரிவித்தது. செல்வமோ, காரின் தரமோ, பின் இருக்கையோ மட்டும் பாதுகாப்பாகிவிடாது என்பதற்கு இது சான்று. 'ஏர்பேக் இருக்கிறதே' என்று எண்ணுவோர் கவனிக்க: பெல்ட்டுக்குத் துணையாக அமைக்கப்பட்டதே ஏர்பேக், பெல்ட் இல்லாதவரை அது காயப்படுத்தவும் கூடும்.

தாய்மார்களுக்குச் சில வார்த்தைகள்

'குழந்தை என் மடியில் பத்திரமாக இருக்கிறது' என்று நீங்கள் எண்ணுகிறீர்கள். உங்கள் பாசத்தில் குறையில்லை. கைகளின் வலிமைக்குத்தான் எல்லை உண்டு. 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதும்போது பத்துக் கிலோ குழந்தையை முன்னே இழுக்கும் விசை நூறு கிலோவையும் தாண்டிவிடும். எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது. முன் இருக்கையில் மடியில் வைத்திருந்தால் குழந்தையே உங்களுக்குக் கேடயமாகிவிடுகிறது. எந்தத் தாய் அதை விரும்புவாள்? ஒரே பெல்ட்டைத் தன்னையும் குழந்தையையும் சேர்த்துப் போட்டுக்கொள்வதும் ஆபத்தே. தாயின் எடை குழந்தையை நசுக்கும். சிறு குழந்தைகளுக்கென உள்ள தனி இருக்கையை வாங்கிப் பின்னால் பொருத்துங்கள். ஏறத்தாழ நான்கரை அடி உயரம் வளரும்வரை உயர்த்தும் இருக்கை தேவை. இல்லையெனில் பெல்ட் கழுத்தில் உரசும். பிள்ளைக்கு நகை வாங்கும் செலவில் ஒரு சிறு பகுதியே இதற்குப் போதும்.

கர்ப்பிணிப் பெண்களும் பெல்ட் அணியலாம்; அணிய வேண்டும். கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் அல்லாமல் வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பின் மீது படிய வேண்டும். மேல்பட்டை தோளின் நடுவிலிருந்து மார்புகளுக்கிடையே இறங்கி, வயிற்றின் பக்கவாட்டில் செல்ல வேண்டும். புர்கா அணிந்தோர் துணியைச் சரிசெய்து, பட்டை முறுக்கிக்கொள்ளாமல், உடலோடு ஒட்டி இருக்குமாறு பார்த்துக்கொண்டால் போதும். ஹிஜாபுக்கும் பெல்ட்டுக்கும் எந்தப் பகையும் இல்லை.

யாரை ஏமாற்றுகிறோம்?

பெல்ட் போடாவிட்டால் கார் ஒலி எழுப்புகிறது. அந்த ஒலியை அடக்க ஒரு சிறு கிளிப்பை வாங்கிச் செருகி, பெல்ட் போட்டிருப்பதாக வண்டியை நம்ப வைக்கிறார்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 மே மாதத்தில் ஐந்து இணைய வணிக நிறுவனங்களுக்கு எதிராக ஆணை பிறப்பித்தது. இத்தகைய கிளிப்புகளின் 13,118 விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன. சிந்தியுங்கள். எச்சரிக்கும் நண்பனின் வாயைப் பொத்துவதற்கு நாமே காசு கொடுத்துப் பொருள் வாங்குகிறோம். அளவையில் மோசடி செய்பவன் பிறரை ஏமாற்றுகிறான். இவனோ தன்னையும் தன் பிள்ளைகளையும் ஏமாற்றுகிறான்.

வெளிநாட்டில் உழைக்கும் நம் பிள்ளைகளைப் பாருங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2017 ஜூலை முதல் காரில் உள்ள அனைவரும், பின் இருக்கையில் இருப்போரும், பெல்ட் அணிவது கட்டாயம். மலேசியாவில் 2009 முதலே பின் இருக்கைக்கும் கட்டாயம். அங்கே ஒரு நாளும் தவறாமல் அணியும் நம் சகோதரர், சென்னை விமான நிலையத்தில் இறங்கி ஊருக்குக் காரில் ஏறியதும் அணிவதில்லை. ஏன்? அங்கே கேமரா பார்க்கிறது. திர்ஹத்தில் அபராதம் விழுகிறது. அப்படியானால் அவர் அஞ்சியது எதற்கு? உயிரை அமானிதமாகத் தந்த ரப்பு துபாயிலும் பார்க்கிறான், புதுச்சத்திரத்திலும் பார்க்கிறான். அபராதத்துக்காக அணிகிறவர் காவலர் இல்லாத இடத்தில் கழற்றிவிடுவார். அமானிதம் என்று அணிகிறவர் எங்கும் கழற்ற மாட்டார்.

நாம் செய்ய வேண்டியவை

நீங்கள் ஒவ்வொருவரும் பொறுப்பாளர். உங்கள் பொறுப்பிலுள்ளோர் பற்றி விசாரிக்கப்படுவீர்கள் என்பது நபிகளார் (ஸல்) நமக்குத் தந்த போதனையின் சாரம். காரில் அந்தப் பொறுப்பு குடும்பத் தலைவருக்கும் வண்டியை ஓட்டுகிறவருக்கும் உரியது. எனவே, வண்டி நகரும் முன் பயண துஆ ஓதுகிறோமல்லவா? அந்த துஆவோடு பெல்ட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லோரும் பெல்ட் அணிந்த பின்னரே சாவியைத் திருப்புவது என்று வீட்டில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்துங்கள். 'வாப்பா, பெல்ட்' என்று பிள்ளை சொன்னால் அதட்டாதீர்கள்; அவன் நன்மையை ஏவுகிறான்.

பின் இருக்கைப் பெல்ட்டுகள் உறைக்குள்ளும் மெத்தைக்கு அடியிலும் புதைந்து கிடக்கின்றன. இன்று அஸருக்குப் பின் உங்கள் காரில் அவற்றை வெளியே எடுத்து, இழுத்துப் பார்த்து, பூட்டிப் பாருங்கள். வாடகை வண்டி பிடிக்கும்போது பெல்ட் சரியாக இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். எத்தனை பெல்ட்டுகளோ அத்தனை பேர். அதற்கு மேல் ஆட்களிருந்தால் இன்னொரு வண்டி. பந்தலுக்கும் விருந்துக்கும் இலட்சங்களைச் செலவழிக்கும் நாம், விருந்தாளிகள் உயிரோடு வீடு திரும்ப ஒரு வண்டி கூடுதலாகப் பிடிப்பது வீண்விரயம் ஆகாது. ஜமாஅத் நிர்வாகிகள் நிக்காஹ் நாளில், வண்டிகள் புறப்படும் முன் இதை ஒலிபெருக்கியில் ஒருமுறை நினைவூட்டலாம்.

ஓர் உயிரை வாழவைத்தவர் மனிதகுலம் அனைத்தையும் வாழவைத்தவர் போன்றவர் என்ற கருத்தைத் திருக்குர்ஆன் நமக்குக் கற்பிக்கிறது. அந்த ஓர் உயிர் நம் வீட்டுப் பின் இருக்கையில் அமர்ந்திருக்கும் உயிராகவும் இருக்கலாம். அதற்கு ஆகும் நேரமோ சில வினாடிகள்.

வல்ல அல்லாஹ், நம் பயணங்களைப் பாதுகாப்பானவையாக ஆக்குவானாக! சாலை விபத்துகளில் உயிரிழந்தோரைப் பொருந்திக்கொண்டு, அவர்தம் குடும்பத்தாருக்கு அழகிய பொறுமையை வழங்குவானாக! அவன் தந்த உயிர் என்னும் அமானிதத்தை, அவன் திரும்பக் கேட்கும் நாள்வரை பேணிக் காக்கும் நல்லறிவை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.